கத்திரி வெயிலும் நம் கொல்லைப்புறமும்



ஆண்டுதோறும் மே மாதம் 4-ஆம் தேதி வாக்கில் தொடங்கி, ஏறத்தாழ 25 நாட்கள் நம்மை வாட்டியெடுக்கும் அக்கினி நட்சத்திரத்தை நம் வீட்டுப் பெண்கள் ‘கத்திரி’ என்று ஒரே சொல்லில் சொல்லி முடித்து விடுகிறார்கள். மாசியிலும் பங்குனியிலும் பச்சைப் பசேலென்று நின்ற கொல்லைத் தோட்டத்தைக் கத்தரித்துப் போட்டுவிட்டுப் போகும் அவ்வெயிலுக்கு இதனினும் பொருத்தமான பெயர் வேறு இருக்க முடியாது. முதலில் தக்காளி பூவை உதிர்க்கும். பின்னர்க் கத்தரி இலையைத் தொங்கவிடும். அதற்கடுத்த வாரம், “இனி ஊற்றி என்ன பயன்? மழை வரட்டும், பார்க்கலாம்” என்று வாளியைக் கவிழ்த்து விட்டு நாம் உள்ளே வந்து விடுவோம். பெரும்பாலான இல்லங்களில் தோட்டம் மடிவது இவ்வாறுதான்.

நானும் பல ஆண்டுகள் அவ்வாறே செய்தவன். மதரஸாவில் பாடம் நடத்துபவனுக்குத் தோட்டக்கலையில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு வேலை இல்லைதான். என் துணைவியாருக்குத்தான் இருந்தது. நான் மாலையில் குழாயைப் பிடித்துக் கொண்டு நிற்பவன் மட்டுமே. அப்படி நின்றதனால் விளைந்த கேட்டையும், அதன் பின் நாங்கள் இருவரும் கற்றுக் கொண்டதையும் உங்களோடு பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

லாத்தா கேட்ட கேள்வி

2019-ஆம் ஆண்டின் கோடையை எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். சென்னைக்கு நீர் வழங்கும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுபோய், ஜூலை மாதத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் கொண்டுவரப்பட்ட ஆண்டு அது. அவ்வாண்டு ரமளான் மாதமும் மே 7-ஆம் தேதி பிறந்து, கத்திரியின் நாட்களில் பெரும்பாலானவற்றைத் தனக்குள் அடக்கிக் கொண்டது.

எங்கள் ஊர் இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் இருக்கிறது. மணற்பாங்கான நிலம். கிணற்று நீர் உவர்ப்பு. குளிக்கலாம், துவைக்கலாம், வாயில் வைக்க இயலாது. குடிப்பதற்குத் தெருக்குழாயில் வரும் நீரை நம்பியிருப்பவர்கள் நாங்கள். அவ்வாண்டு அந்தக் குழாயும் வாரத்தில் ஒருநாள், இரண்டு நாள் என்று சுருங்கிப் போயிற்று. எங்கள் வீட்டில் தரைக்கடியில் பெரிய தொட்டி இருந்ததால் எங்களுக்கு அத்தட்டுப்பாடு அவ்வளவாக உறைக்கவில்லை. உவர் நீரில் செடி கருகுகிறதே என்று அத்தொட்டி நீரையே நான் மாலைதோறும் குழாய் வழியே தோட்டத்திற்குப் பாய்ச்சிக் கொண்டிருந்தேன்.

நோன்பு தொடங்கி மூன்றாம் நாளோ நான்காம் நாளோ இருக்கும். அஸர் தொழுது விட்டு வந்து குழாயைக் கையில் எடுத்தேன். அடுத்த வீட்டு லாத்தா சுவரோரம் வந்து நின்றார்கள். அறுபதைக் கடந்தவர்கள், கணவரை இழந்தவர்கள். இடுப்பில் வெறுங்குடம். அவர்கள் சண்டைக்கு வரவில்லை. குரலில் கோபமும் இல்லை.

“ஆலிம்சா, ஒரு மசாலா கேக்கணும். குடிக்க ஒரு குடம் தண்ணிக்கு நாலு தெரு நடந்துட்டு வர்றேன். நீங்க அதே தண்ணியச் செடிக்கு விடுறீங்க. இது கூடுமா?”

அன்றாடம் எத்தனையோ பேருக்குக் ‘கூடும்’, ‘கூடாது’ என்று சட்டம் சொல்பவனுக்கு அன்று நா எழவில்லை. குழாயை நிறுத்தி விட்டு, முதலில் அவர்களுடைய குடத்தை நிரப்பிக் கொடுத்தேன். அன்றிரவு தராவீஹ் முடிந்து வந்ததும் நானும் துணைவியாரும் கலந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். இனிக் கோடை முடியும் வரை குடிநீரில் ஒரு சொட்டும் தோட்டத்திற்குப் போகக் கூடாது. தொட்டி நீரில் எங்கள் தேவைக்குப் போக மீதம் அண்டை வீடுகளுக்கு. செடிகள் பிழைப்பதாயின் நாங்கள் பயன்படுத்திக் கழித்த நீரிலும், கிணற்றின் உவர் நீரிலும் பிழைத்துக் கொள்ளட்டும்.

எதைக் காப்பது, எதை விடுவது?

மறுநாள் சஹர் முடிந்த கையோடு விளக்கை ஏந்திக் கொண்டு செடிகளை எண்ணினோம். தொட்டியில் இருந்தவை நீங்கலாக முப்பத்து நான்கு. துணைவியார் தயங்காமல் முதலில் தக்காளி பன்னிரண்டையும் பிடுங்கிப் போட்டார். எனக்குப் பதைத்து விட்டது. ஆனால் அவர் செய்ததே சரி. பகலில் 35 டிகிரிக்கு மேல் வெப்பம் ஏறி, இரவிலும் 25 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்களில் தக்காளியின் மகரந்தம் வீரியம் இழந்து விடும். பூக்கும், காய் பிடிக்காது, பூ உதிரும். எவ்வளவு ஊற்றினாலும் அதுதான் கதை. கோடையில் தக்காளிக்கு ஊற்றும் நீர், இலைக்கு ஊற்றும் நீரே ஒழியக் காய்க்கு ஊற்றும் நீர் அன்று.

வெயிலுக்கு அஞ்சாத செடிகள் நம்மிடமே இருக்கின்றன. நாம்தான் அவற்றை மதிப்பதில்லை. கொத்தவரை வறட்சியிலேயே பிறந்தது போல நிற்கும். வெண்டை விதையை ஓர் இரவு ஊறவைத்து ஊன்றினால், ஏறத்தாழ 45 நாட்களில் முதற்காய் பறிக்கலாம். தட்டைக்காய் மணலிலும் படரும். தண்டுக்கீரைக்கும் கொடிப்பசலைக்கும் வெயில் ஒரு பொருட்டல்ல. பருப்புக் கீரையோ, நாம் ஊன்றாமலே வாசற்படியோரம் முளைத்துச் சதைப்பற்றான தன் தண்டிலேயே நீரைச் சேமித்துக் கொண்டு சிரித்துக் கொண்டிருக்கும். அதனைக் களை என்று பிடுங்கி எறிந்து விட்டுக் கடையில் கட்டு இவ்வளவு என்று கீரை வாங்கும் வழக்கத்தை என்னவென்பது!

முருங்கையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 1989-ஆம் ஆண்டு பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து வெளியிடப்பட்ட ‘பி.கே.எம்.-1’ என்ற செடிமுருங்கை, விதை ஊன்றிய ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கிவிடும். காய் நின்ற பிறகு தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் வெட்டி விட்டால் மறுபடியும் தழைக்கும். கொல்லையின் மேற்குப் பக்கத்தில் இரண்டு முருங்கையோ இரண்டு அகத்தியோ நின்றால், பிற்பகல் வெயிலின் கடுமை பாதியாகக் குறைந்து விடும். செடியை வாட்டுவது காலை வெயில் அன்று. இரண்டு மணிக்கு மேல் மேற்கிலிருந்து சாய்ந்தடிக்கும் வெயிலும், அவ்வெயிலை உண்டு விட்டு இரவெல்லாம் உமிழும் மதிற்சுவருமே என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

பழமரங்களில், எங்கள் மண்ணுக்குத் தக்கவை மாதுளையும் சப்போட்டாவும் ஆகும். இரண்டும் உவர் நீரை ஓரளவு பொறுத்துக் கொள்பவை. பேரீச்சைக்கு உப்பைப் பற்றிக் கவலையே இல்லை. எலுமிச்சை, மா, அவரை ஆகியவை உப்பைத் தாங்கா. சீத்தாவுக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. கோடையில் இலைகளையெல்லாம் உதிர்த்து விட்டு மொட்டையாக நிற்கும். பட்டுப் போயிற்றென்று எண்ணி வெட்டிவிடாதீர்கள். பட்டையை நகத்தால் இலேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.

வாழை நான்கில் மூன்றைக் கைவிட்டோம். நீரைக் குடிப்பதில் வாழைக்கு நிகர் வாழையே. ஒன்றை மட்டும் குளியலறை நீர் விழும் இடத்தில் விட்டு வைத்தோம். இப்படிக் கழித்து வந்ததில், முப்பத்து நான்கில் எஞ்சியவை பதினைந்து.

எங்கள் உம்மா வைத்த எலுமிச்சை

அப்பதினைந்தில் ஓர் எலுமிச்சையும் இருந்தது. எங்கள் உம்மா மறைவதற்கு முந்தைய ஆண்டு தம் கையால் வைத்தது. நோன்பு திறக்கும் நேரத்துச் சர்பத்துக்கும், ஆண்டு முழுமைக்கும் ஊறுகாய்க்கும் அந்த ஒரு மரமே போதுமானதாக இருந்தது. வேறு எது போனாலும் அதைக் காத்துவிட வேண்டுமென்று எண்ணினேன். கடைசியில் அதைக் கொன்றவனும் நானே.

நடந்தது இதுதான். சித்திரை தொடக்கத்தில், மரம் சோர்ந்திருக்கிறதே என்று ஒரு கூடை ஆட்டுப் புழுக்கையை மக்க வைக்காமல் அப்படியே அடியில் கொட்டி மூடினேன். புதிய ஆட்டெரு சூடு மிகுந்தது. வெயில் நேரத்தில் அது வேரைச் சுட்டுவிடும் என்பதை அறியாதவனாக இருந்தேன். அதன் பிறகு குடிநீர் கூடாதென்று முடிவாயிற்றல்லவா? உவர் நீரை அளவாகக் கொடுப்போம் என்று மாலைதோறும் அரை வாளி ஊற்றி வந்தேன். அந்த அரை வாளி மேல் மண்ணில் நான்கு விரற்கடை நனைக்கும். மறுநாள் வெயிலில் நீர் ஆவியாகிவிடும். உப்பு மட்டும் தங்கிவிடும். பத்து நாட்களில் மண்ணின் மேல் வெள்ளைப் பூப் பூத்தது போல உப்புப் படர்ந்தது. இலை நுனிகள் கருகின. மரம் வாடுகிறதே என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். அஃதாவது, இன்னும் கொஞ்சம் உப்பைக் கொடுத்தேன்.

ஆனி மாதத்தில் துணைவியார் நகத்தால் கீறிப் பார்த்தார். உள்ளே பழுப்பு. ஒன்றும் சொல்லாமல் அடுத்த கிளையையும் கீறிப் பார்த்தார். பிறகு அடிமரத்தையும்.

வாசக நேயர்களே, இந்த இடத்தில்தான் கோடைத் தோட்டத்தின் முழு இரகசியமும் இருக்கிறது என்பதை நான் பின்னர் உணர்ந்தேன். நாள்தோறும் சிறிது ஊற்றுவதே செடிக்கு நாம் செய்யும் பெருங்கேடு. மேல் மண் மட்டும் நனைந்தால் வேர் மேலேயே சுற்றிக் கொண்டிருக்கும். ஒரு நாள் தவறினால் செடி விழுந்துவிடும். மூன்று நாளைக்கு ஒரு முறை, மரமாயின் வாரத்துக்கு ஒரு முறை, ஒரு முழம் ஆழத்திற்கு இறங்கும்படி ஊறவிட்டால் வேர் நீரைத் தேடிக் கீழே போகும். உவர் நீராயின், அந்த ஆழ்ந்த பாய்ச்சலே உப்பையும் வேருக்குக் கீழே தள்ளிவிடும். ஒரே அளவு நீர்தான். ஊற்றும் முறைதான் வேறு. மணல் நிலத்தில் இடைவெளியைச் சற்றுக் குறைத்துக் கொள்ளலாம், களிமண்ணில் கூட்டலாம். மண்ணுக்குள் விரலைவிட்டுப் பாருங்கள். இரண்டாம் கணுவரை ஈரம் தட்டுப்பட்டால் அன்று ஊற்ற வேண்டியதில்லை.

நண்பகலில் இலை தொங்குவதைக் கண்டு ஓடிப்போய் ஊற்றாதீர்கள். பூசணி, கத்தரி போன்ற அகல இலைச் செடிகள் உச்சி வெயிலில் இலையைத் தொங்கவிட்டுத் தம்மைக் காத்துக் கொள்ளும். மாலை ஐந்து மணிக்கு நிமிர்ந்து விட்டால் செடி நலமாக இருக்கிறது என்று பொருள். காலையிலும் தொங்கிக் கிடந்தால்தான் தாகம்.

இன்னொன்று. மாடித் தொட்டியின் நீரையும், வெயிலில் கிடக்கும் குழாயினுள் தங்கிய நீரையும் பிற்பகலில் தொட்டுப் பாருங்கள்; கை பொறுக்காது. அந்தக் கொதிநீரை முதலில் ஒரு வாளியில் பிடித்து ஆறவிட்டே பயன்படுத்த வேண்டும். இலையில் விழும் நீர்த்துளி பூதக்கண்ணாடி போல நின்று இலையைச் சுட்டுவிடும் என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு, அது சரியன்று. சுடுவது துளியன்று, துளி காய்ந்தபின் இலையில் தங்கும் உப்பு. ஆகவே உவர் நீரை இலைமேல் தெளிக்காமல் அடியில் மட்டும் ஊற்றுக.

நேரத்தைப் பொறுத்தவரை, அந்த நோன்பு எங்களுக்கு ஒரு நன்மை செய்தது. சஹர் முடித்து, பாங்குக்கு முன்னுள்ள அந்தச் சில நிமிடங்களே நீர் ஊற்றுவதற்கு மிகச் சிறந்த வேளை. மண் குளிர்ந்திருக்கும், காற்றும் அடங்கியிருக்கும், ஊற்றிய நீர் வேருக்குப் போகும்.

கழித்த நீரும் புதைத்த பானையும்

சரி, நீர் எங்கிருந்து கிடைத்தது? முதலில் ஒளுவிலிருந்து.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்’ அளவு நீரில் ஒளு செய்திருக்கிறார்கள் என்பதை நாம் பிள்ளைகளுக்குப் பாடமாகவே நடத்துகிறோம். ஷாஃபி கணக்கின்படி அது முக்கால் லிட்டருக்கும் குறைவானதே. பாடம் நடத்திய நானே ஒருநாள் குழாயடியில் வாளியை வைத்து ஒளு செய்து, விழுந்த நீரை அளந்து பார்த்தேன். ஏழு லிட்டருக்கு மேல் இருந்தது! வீட்டில் ஐந்து பேர், ஐந்து வேளை. கணக்கைப் போட்டுப் பார்த்து வெட்கமாகப் போயிற்று. குழாயைச் சிறிதாகத் திறக்கப் பழகிக் கொண்டோம். ஒளுச் செய்யும் இடத்திலிருந்து ஒரு குழாயை மாதுளையின் அடிக்கு இழுத்து விட்டோம். இங்கே ஒரு சிறு விளக்கம்: ஒளுவில் பயன்பட்ட நீரைக் கொண்டு மீண்டும் ஒளுச் செய்ய முடியாது என்பதுதான் நம் மத்ஹபின் சட்டம், அந்நீர் அசுத்தமன்று. செடிக்கு ஊற்றத் தடை ஏதுமில்லை. லாத்தா கேட்டதற்கு நான் காலந்தாழ்த்திச் சொன்ன விடையும் இதுவே.

அரிசி களைந்த நீரும், மீன் கழுவிய நீரும் கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் போயின. கருவாடு கழுவிய நீரை மட்டும் எச்செடிக்கும் ஊற்றாதீர்கள், அது உப்பு. சோப்பு நீர் வாழைக்கும் தென்னைக்கும் கல்வாழைக்கும் போகலாம்; கீரைப் பாத்திக்கு ஆகாது. இன்று பல இல்லங்களில் நீர் சுத்திகரிக்கும் ‘ஆர்.ஓ.’ இயந்திரம் இருக்கிறது. அது வெளியே தள்ளும் நீரில் உப்பு கூடுதல். பாத்திரம் துலக்க வைத்துக் கொள்ளுங்கள். அதற்கு நேர்மாறானது ஏசி இயந்திரத்திலிருந்து சொட்டும் நீர். அதில் உப்பே இருக்காது. கடற்கரைக் காற்றின் ஈரத்தில் ஓர் இரவில் வாளி நிறையும். அது எங்கள் வீட்டில் புதினாவுக்கென்றே ஒதுக்கப்பட்டது. நோன்புக் கஞ்சிக்குப் புதினாவும் மல்லியும் இல்லாமல் ஆகுமா? மல்லி கத்திரி வெயிலில் தேறவில்லை; ஓலைக் கீற்றின் அரைநிழலில், புதினா ரமளான் முழுவதும் தழைத்துக் கொடுத்தது.

அடுத்து, பானை. சீன நாட்டில் கி.மு. முதல் நூற்றாண்டிலேயே எழுதப்பட்ட வேளாண் நூலில் இம்முறை இடம்பெற்றிருக்கிறதென்றால் அதன் பழமையை எண்ணிப் பாருங்கள். ஐந்தாறு லிட்டர் கொள்ளும் புதிய மண்பானையைக் கழுத்து வரை மண்ணில் புதைத்து, நீர் நிரப்பி, வாயை ஓட்டால் மூடி விட வேண்டும். மூடாவிட்டால் கொசு பெருகும், எச்சரிக்கை! பானையைச் சுற்றிக் கத்தரி, பாகல், சுரை என்று நான்கு செடிகள். சுற்றிலும் மண் காய்ந்தால் பானை நீரை விடும். ஈரமாக இருந்தால் நிறுத்திக் கொள்ளும். மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை நிரப்பினால் போதுமானது. உவர் நீருக்கு இது மிகவும் ஏற்றது. மண் ஒரே சீரான ஈரத்தில் இருப்பதால் உப்பின் கடுமை வேருக்குத் தெரிவதில்லை. சாயம் பூசிய பானையும், மெருகிட்ட பானையும் கூடா, நீர் கசியாது. குயவர் வீட்டில் விற்காமல் கிடந்த, கழுத்து உடைந்த பானைகள் ஆறினைச் சொற்ப விலைக்கு வாங்கி வந்தேன். என் பிள்ளைகளுக்கு அவற்றைப் புதைப்பதே பெருநாளாக இருந்தது.

ஈரம் ஓடிவிடாமல் காப்பது மூடாக்கு. காய்ந்த இலை, தென்னை நார்க்கழிவு, கரும்புச் சக்கை எதுவாயினும் இரண்டு மூன்று அங்குல கனத்திற்குப் பரப்புங்கள். தண்டை ஒட்டி நான்கு விரற்கடை இடம் விட வேண்டும். இல்லாவிட்டால் தண்டு அழுகும். நார்க்கழிவு தன் எடையைப் போல் ஐந்து மடங்குக்கும் மேல் நீரைப் பிடித்து வைத்துக் கொள்ளும். ஆனால் முதலில் இரண்டு மூன்று முறை அலசி உப்பையும் கறையையும் போக்கிவிட வேண்டும். நம் மண்ணில் மூடாக்குக்குப் பகை கறையான். அடியில் ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கைத் தூவி விட்டால் அது அண்டுவது குறையும்.

மாடியில் வளர்ப்போருக்கு

நகரத்து அடுக்குமாடிகளில் வாழும் சகோதரிகள், “எங்களுக்குக் கொல்லை ஏது?” என்று கேட்பது காதில் விழுகிறது. மாடியில் வெயில் மேலிருந்து மட்டுமன்று, தளத்திலிருந்தும் வரும். தொட்டிகளைத் தளத்தின் மேல் நேராக வைக்காமல் இரண்டு செங்கல்லின் மேல் ஏற்றி வையுங்கள். தனித்தனியே பரப்பாமல் நெருக்கி வையுங்கள். ஒன்றின் நிழல் மற்றொன்றுக்கு. கருநிறத் தொட்டியின் வெளிப்புறத்திற்குச் சுண்ணாம்பு அடித்து விடுங்கள். உள்ளே வேர் வேகாமல் இருக்கும். மேலே பாதி வெயிலைத் தடுக்கும் பச்சை நிழல்வலை கட்டலாம். இயலாதவர்கள் பழைய வெள்ளைத் துப்பட்டியைக் கட்டினாலும் போதும். தொட்டியில் மண் குறைவாதலால் இங்கு மட்டும் தினமும் நீர் வேண்டும். அடித்துளையில் ஒரு சொட்டு வெளிவரும் வரை ஊற்றி நிறுத்திக் கொள்க. ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அழுகும். மாதுளையும் எலுமிச்சையும் வெடிக்கும்.

பூச்சி

வெயில் ஏற ஏற மாவுப்பூச்சி, வெள்ளை ஈ, செஞ்சிலந்தி ஆகியவை பெருகும். 2008-ஆம் ஆண்டு கோயம்புத்தூர்ப் பகுதியில் முதலில் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, இரண்டே ஆண்டுகளில் தமிழகத்தின் பப்பாளி, மல்பெரி, மரவள்ளித் தோட்டங்களைப் பாழாக்கியது. எந்த மருந்துக்கும் அடங்காத அதனை, 2010-ஆம் ஆண்டு போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட மிகச்சிறிய ஒட்டுண்ணிக் குளவியே அடக்கியது. ஆகவே கண்ட மருந்தையும் தெளித்து நல்ல பூச்சிகளைக் கொன்று விடாதீர்கள். ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, மாலை மங்கிய பின் இலையின் அடிப்புறத்தில் தெளித்தால் வீட்டுத் தோட்டத்திற்குப் போதும். பகலில் தெளித்தால் இலை வெந்துவிடும். மாவுப்பூச்சி ஒன்றிரண்டு இருந்தால் பழந்துணியால் துடைத்தெடுங்கள். எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள்; அதை ஊர் ஊராகச் சுமந்து செல்வதே எறும்புதான்.

கோடையில் செய்யக் கூடாதவை சில. மரக்கன்று நடாதீர்கள். கிளை கழிக்காதீர்கள். உரம் இடாதீர்கள், என் எலுமிச்சையை நினைத்துக் கொள்ளுங்கள். ‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்பது நல்ல மொழிதான். ஆயினும் எங்கள் கீழைக்கரைக்கு ஆடியில் மழை கிடையாது. வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் ஊர்க்காரர்கள் கன்று நடுவதற்குப் புரட்டாசி வரை பொறுத்திருப்பதே நலம். அதுவரை செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. 2003-ஆம் ஆண்டு சட்டம் வந்த போது வீட்டுக்கு வீடு தோண்டிய மழைநீர்ச் சேகரிப்புக் குழிகளில் பல இன்று குப்பையாலும் மணலாலும் தூர்ந்து கிடக்கின்றன. குழி காய்ந்திருக்கும் இந்த வெயில் நாட்களில் தூர் வாரி விட்டால், முதல் மழையே கிணற்றின் உவர்ப்பைச் சற்றுக் குறைக்கும்.

அவ்வாண்டு காப்பாற்ற நினைத்த பதினைந்தில் பதினொன்று பிழைத்தன. எலுமிச்சை நின்ற குழியில், மண்ணை மாற்றி, அடுத்த புரட்டாசியில் ஒரு சப்போட்டாக் கன்று வைத்தோம். மாதுளை கார்த்திகையில் பூத்தது. முதலில் பழுத்த இரண்டைத் துணைவியார் தட்டில் வைத்து அடுத்த வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். மறுநாள் காலை லாத்தா தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தார்கள். தட்டில் ஒரு கைப்பிடி வெண்டை விதை இருந்தது. “எங்க வீட்டு ஒளுத் தண்ணியும் சும்மா சாக்கடைக்குத்தான் போகுது, ஆலிம்சா” என்றார்கள். சுவரில் ஒரு துளையிட்டுக் குழாயை இந்தப் பக்கம் இழுத்து விட்டோம். சப்போட்டாவுக்கு இப்போது அந்த நீர்தான்.